செனகல் ஆறு: எல்லைக்கோடாக மாற்றப்பட்ட வெள்ளம்

மேற்கு ஆப்பிரிக்க வரைபடத்தில் செனகல் ஆறு ஓர் எல்லைக்கோடு. வடகரை மௌரித்தானியாவுக்கு, தென்கரை செனகலுக்கு, கிழக்கே மேல்பகுதி மாலிக்கு. 1455இல் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் வணிகர் காதமோஸ்தோ, ஆற்றுக்கு வடக்கே வறண்ட நிலமும் பழுப்பு நிற மனிதர்களும், தெற்கே பசுமையான மரங்களும் கறுத்து உயர்ந்த மனிதர்களும் இருப்பதாக வியந்து எழுதினார். அவருக்குப் பின் வந்த அதிகாரிகளுக்கும் அந்தப் பார்வை வசதியாக இருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் பரம்பரையாக வாழும் ஃபுலா, சொனிங்கே, வொலோஃப் மக்களைப் பொறுத்தவரை இரு கரையும் ஒரே ஊர்தான். வீடு ஒரு கரையில், வயல் மறுகரையில், பெண் எடுத்தது எந்தக் கரையிலும் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களைச் சேர்த்து வைத்தது ஆண்டுதோறும் வரும் வெள்ளம். அந்த வெள்ளத்துக்கு என்ன நேர்ந்தது என்பதே, என் பார்வையில், இந்த ஆற்றின் வரலாறு.

ஆறு பிறப்பது வெகுதொலைவில், கினியாவின் ஃபூட்டா ஜாலோன் மேட்டுநிலத்தில். அங்கிருந்து வடக்கே இறங்கும் பாஃபிங், மாலியில் பாஃபுலாபே என்ற ஊரில் பாக்கோயோடு சேர்கிறது. செனகல் என்ற பெயர் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. குயினா, ஃபெலு என்ற இரண்டு அருவிகளைத் தாண்டி காயேஸ் நகரை அடைகிறது. பாக்கெல் ஊருக்குச் சற்று மேலே தெற்கிலிருந்து ஃபலெமே வந்து கலக்கிறது. பாஃபிங்கின் தலையிலிருந்து அளந்தால் மொத்த நீளம் ஏறத்தாழ 1,800 கி.மீ.

பாக்கெலுக்குக் கீழே எல்லாமே மாறிவிடுகிறது. நிலம் கிட்டத்தட்ட தட்டை. பெரிய வில்லாக வளைந்து மாத்தம், பொடோர், தகானா என்று ஆறு மெல்ல நகர்கிறது. அதன் இருபுறமும் 10 முதல் 20 கி.மீ. அகலத்துக்கு வெள்ளச் சமவெளி. இந்த நீண்ட கீழ்ப்பகுதியில் சொல்லிக்கொள்ளும்படியான துணையாறு ஒன்றும் வந்து சேர்வதில்லை. ஃபூட்டா ஜாலோனில் ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. பொடோர் பக்கம் 200, 300 மி.மீ. கிடைத்தால் அதிகம். அதாவது கீழ்ப் பள்ளத்தாக்கின் விவசாயி தன் தலைக்கு மேல் இருக்கும் வானத்தை நம்பி வாழ்ந்ததில்லை. பல நூறு கி.மீ. தொலைவில், வேறொரு நாட்டின் மலையில் பெய்த மழைதான் அவருடைய சோறு.

அந்த மழை ஜூனில் தொடங்கும். வெள்ளம் செப்டம்பர் வாக்கில் பாக்கெலில் உச்சத்தைத் தொடும். பொடோரை எட்ட அக்டோபர் ஆகிவிடும். கரை தாண்டிய நீர் களிமண் பள்ளங்களில் வாரக்கணக்கில் நிற்கும். வெள்ளம் மூடும் இந்த நிலத்துக்கு வாலோ என்று பெயர். வெள்ளம் தொடாத மேட்டு மணல்நிலம் ஜேரி. நவம்பரில் நீர் வடியத் தொடங்கியதும், வடியும் நீரின் விளிம்பைப் பின்தொடர்ந்து குடும்பங்கள் வாலோவுக்குள் இறங்கும். மேலே காய்ந்து வெடித்த மண்ணை ஒதுக்கிவிட்டு, ஈரம் தட்டுப்படும் ஆழத்துக்குக் குழி போட்டு, சோள விதைகளை இட்டு மூடுவார்கள். அதன்பிறகு ஒரு துளி மழை கிடையாது. களிமண் குடித்து வைத்திருக்கும் ஈரத்திலேயே பயிர் வளர்ந்து, பிப்ரவரி, மார்ச்சில் அறுவடைக்கு வந்துவிடும். ஆற்றங்கரைச் சரிவுகளில் மக்காச்சோளமும் காய்கறியும் தனியாக நடக்கும்.

வெள்ளம் நின்ற அதே வயல்களில்தான் மீன்கள் முட்டையிட்டுப் பெருகின. சுபால்பே எனப்படும் மீனவர் குலத்தாருக்கு அது பருவம். அறுவடை முடிந்ததும் ஃபுலா மேய்ப்பர்கள் மாடுகளை ஓட்டிவந்து தாள்களில் மேயவிட்டார்கள். சாணம் நிலத்துக்கு எருவானது. ஒரே துண்டு நிலம் ஒரே ஆண்டில் மீனும் சோளமும் பாலும் தந்தது. இந்த ஆற்றின் செல்வத்தை எத்தனை கோடி கன மீட்டர் என்று மட்டும் கணக்கிட்டவர்கள் இதைத் தவறவிட்டார்கள். ஏறுவதும் இறங்குவதும்தான் அதன் செல்வம். கோடையில் ஆறு மெலிந்து, கடலின் உப்புநீர் தகானாவையும் தாண்டி உள்ளே ஏறிவரும் காலமும் அந்தச் சுழற்சியில் ஒரு பகுதி. அந்த உப்புக்கும் ஒரு வேலை இருந்தது என்பது 1980களில்தான், மிகக் கொடூரமான முறையில், தெரியவந்தது.

இப்படிப்பட்ட பள்ளத்தாக்கில் அரசுகள் எழுந்தது இயல்பு. நடு ஆற்றங்கரையில் இருந்த தக்ரூர் அரசின் மன்னர் வார் ஜாபி 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இஸ்லாத்தைத் தழுவினார். மேற்கு ஆப்பிரிக்காவில் அது மிக முந்தைய நிகழ்வுகளில் ஒன்று. செனகலுக்கும் ஃபலெமேக்கும் இடைப்பட்ட பம்பூக் பகுதியின் தங்கம் கானா பேரரசின் வழியாக சஹாராவைக் கடந்து போனது. அரபுப் புவியியலாளர்கள் இந்த ஆற்றை நைல் நதியின் மேற்குக் கிளை என்று நம்பினார்கள். 1440களில் கடல்வழியாக வந்த போர்த்துகீசியரும் அதே நம்பிக்கையோடும் தங்க ஆசையோடும்தான் வந்தார்கள். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1659இல் கழிமுகத்தில் ந்தார் என்ற குறுகிய தீவில் சேன் லூயி நகரை நிறுவினார்கள்.

தங்கம் எதிர்பார்த்த அளவுக்குக் கிடைக்கவில்லை. மனிதர்களை வாங்கினார்கள். மேல் ஆற்றிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் படகுகளில் கீழே இறக்கப்பட்டு அட்லாண்டிக்கின் மறுகரைக்கு அனுப்பப்பட்டார்கள். இதற்கு ஆற்றங்கரையிலிருந்தே எதிர்ப்பு எழுந்ததை அழுத்திச் சொல்ல வேண்டும். 1776இல் நடு ஆற்றங்கரையான ஃபூட்டா தோரோவில் சுலைமான் பால் தலைமையில் இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள் பழைய ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அடுத்து ஆட்சிக்கு வந்த அப்துல் காதர் கான், தன் நாட்டு முஸ்லிம்களை அடிமைகளாக விற்கக் கூடாது என்று பிரெஞ்சு வணிகர்களைக் கட்டுப்படுத்தினார். அவர் நாட்டைக் கடக்கும் படகுகள் சுங்கம் செலுத்த வேண்டியிருந்தது. அடிமை முறையையே ஒழித்த செயல் அல்ல அது. ஆனாலும் பிரான்சில் புரட்சி வெடிப்பதற்கு முன்பே ஓர் ஆப்பிரிக்க அரசு அடிமை வணிகத்துக்கு வரம்பு கட்டியது என்பது பரவலாகத் தெரிய வேண்டிய செய்தி.

ஆற்றின் இன்னொரு பெரிய சரக்கு பிசின். இங்கேதான் தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய ஓர் அத்தியாயம் வருகிறது. வடகரைக்கு அப்பால் பாலைவன ஓரத்தில் வளரும் ஒரு வகை வேலமரத்தின் பட்டை, வறண்ட காற்றில் வெடித்துப் பிசின் வடிக்கும். திரார்சா, பிராக்னா பகுதிகளில் வாழும் அரபு பேசும் நாடோடிகளான மூர்களின் அடிமைகள் அதைச் சேகரிப்பார்கள். ஒட்டகங்களிலும் எருதுகளிலும் மூட்டைகள் ஆற்றங்கரைக்கு வரும். பருவத்துக்கு மட்டும் உயிர்பெறும் சந்தைத்துறைகளில் சேன் லூயி வணிகர்களின் படகுகள் காத்திருக்கும். ஐரோப்பாவில் துணிகளில் அச்சுப்பூ போடும் ஆலைகளுக்குச் சாயம் பரவாமல் கெட்டியாக நிற்க இந்தப் பிசின் தேவைப்பட்டது. எனவே கிராக்கி பெரிது. ஆனால் மூர்கள் பிசினுக்கு ஈடாகக் காசு கேட்கவில்லை. புதுச்சேரித் துணி கேட்டார்கள்.

'கினே' என்று பிரெஞ்சு வணிகர்கள் அழைத்த அந்தத் துணி, அவுரிச் சாயத்தில் மீண்டும் மீண்டும் முக்கி, கறுப்போ என்று ஐயுறும் அளவுக்கு அடர்நீலமாக்கப்பட்ட பருத்தித் துணி. 15 மீட்டருக்குக் குறையாத நீளத்தில் ஒரு துண்டு. அணிந்தால் நீலம் தோலிலும் ஒட்டும். அதைக் குறையாக யாரும் கருதவில்லை. பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியாக அது சேன் லூயிக்கு வந்து சேர்ந்தது. ஆற்றங்கரையில் அது உடையாக மட்டும் இருக்கவில்லை, நாணயமாகவும் இருந்தது. பிசினுக்கு விலை பேசுவது, கடன் கொடுப்பது, தலைவர்களுக்குக் காணிக்கை செலுத்துவது எல்லாமே இத்தனை துண்டு கினே என்ற கணக்கில்தான். ரூவான் நகரத்து ஆலைகளும் மற்ற ஐரோப்பிய ஆலைகளும் மலிவாகப் போலிகளை நெய்து அனுப்பிப் பார்த்தன. மூர் வாடிக்கையாளர்கள் துணியைத் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்த்து, பளபளப்பைச் சோதித்து, 'இது அது அல்ல' என்று தள்ளிவிட்டார்கள். புதுச்சேரிச் சாயக்காரர்களின் கைப்பக்குவத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. தமிழ்க் கைகள் சாயமிட்ட துணி செனகல் கரையில் பிசினை வாங்கியது. அந்தப் பிசின் ஐரோப்பிய ஆலைகளில் வேறு துணிக்குச் சாயமிட உதவியது. புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்தைப் பற்றிப் பேசும்போது தெருக்களின் பெயர்களையும் கட்டடங்களையும் விவரிக்கும் நாம், அந்த ஊரின் நெசவும் சாயமும் ஓர் ஆப்பிரிக்க ஆற்றின் பொருளாதாரத்தையே அளந்த கோலாக இருந்ததை ஏனோ சொல்வதில்லை. அதே நேரத்தில், அந்தத் துணி அடிமைகளின் விலையாகவும் கைமாறியது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிசின் வணிகம் தளர்ந்து நிலக்கடலை தலையெடுத்தது. 1854இல் ஆளுநராக வந்த ஃபேதெர்ப் பேரம் பேசும் காலம் முடிந்தது என்று முடிவெடுத்து, சந்தைத்துறைகளையும் காணிக்கைகளையும் ஒழித்துக் கரையோரம் கோட்டைகள் கட்டினார். பொடோருக்கு அருகே ஹல்வார் கிராமத்தில் பிறந்த இஸ்லாமிய அறிஞரும் படைத்தலைவருமான உமர் தால் 1857இல் காயேஸ் அருகே மெதின் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். வெள்ளம் ஏறி, பிரெஞ்சு நீராவிப் படகுகள் மேலே வர முடிந்த ஜூலையில்தான் முற்றுகை உடைந்தது. ஆற்றின் பருவம் ஒரு போரின் முடிவைத் தீர்மானித்தது. அதன்பின் ரயில் வந்தது. 1885இல் டாக்கர், சேன் லூயி பாதை. 1920களில் டாக்கரிலிருந்து காயேஸ் வரை. படகு மெல்லத் தோற்றது. 1902இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் தலைநகர் டாக்கருக்குப் போனதும் சேன் லூயியும் ஒதுங்கியது.

இந்தக் காலத்தில்தான் ஆறு எல்லையானது. மௌரித்தானியாவைத் தனி ஆட்சிப்பகுதியாகப் பிரித்தபோது பிரெஞ்சு அதிகாரிகளுக்குக் கைக்கு எட்டிய கோடு ஆறுதான். ஒரே அரசின் இரண்டு மாவட்டங்களுக்கு நடுவே இருக்கும் கோடு என்பதால் அன்று யாரையும் அது பெரிதாக உறுத்தவில்லை. 1960இல் இரண்டும் தனித்தனி நாடுகளானபோது, ஒரு குடும்பத்தின் வீடும் வயலும் இரண்டு நாடுகளுக்குப் போயின.

1968இல் தொடங்கிய பெரும் வறட்சி, சஹாராவின் தென்விளிம்பான சாஹேல் முழுவதையும் நொறுக்கியது. வெள்ளம் சமவெளியில் ஏறவே இல்லாத ஆண்டுகள் வந்தன. மாலி, மௌரித்தானியா, செனகல் மூன்றும் 1972இல் சேர்ந்து ஆற்று வளர்ச்சி அமைப்பு ஒன்றை உருவாக்கின. 1978 ஒப்பந்தத்தில் அவை செய்த காரியம் உலக அளவில் அரிது: அணைகள் எந்த நாட்டு மண்ணில் இருந்தாலும் அவை மூவருக்கும் கூட்டுச் சொத்து. மாலி மண்ணில் உள்ள மனந்தாலி அணையின் மின்சாரத்தில் மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மௌரித்தானியாவுக்கு 15. மேல்நாடு கீழ்நாட்டின் கழுத்தைப் பிடிக்கும் பேச்சுக்கே இடமில்லாத ஏற்பாடு. அதை வடிவமைத்தவர்கள் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு.

ஆனால் அவர்கள் மூவருக்கும் பங்கிட்டது நீரையும் மின்சாரத்தையும். வெள்ளத்தை யாரும் பங்குதாரராகச் சேர்க்கவில்லை. 1986இல் கழிமுகத்துக்கு அருகே தியாமா தடுப்பணை முடிந்தது; உப்புநீர் உள்ளே வராமல் தடுப்பது அதன் வேலை. 1988இல் பாஃபிங் மீது மனந்தாலி முடிந்தது. 1,100 கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளளவு. அதற்காகப் பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் இடம்பெயர்க்கப்பட்டார்கள். 3,75,000 ஹெக்டேர் பாசனம், மின்சாரம், காயேஸ் வரை ஆண்டு முழுவதும் கப்பல் என்று மூன்று வாக்குறுதிகள். மின்சாரம் 2001இல் தான் வரத் தொடங்கியது. நெல் வந்தது, ஆனால் சொன்ன பரப்பில் ஒரு பகுதிக்குத்தான். கப்பல் வரவே இல்லை.

வராது என்று நினைத்த ஒன்று வந்தது. கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த ரிஷார் தொல் நகரில் 1988இல் குடல் சிஸ்டோசோமியாசிஸ் நோயாளிகள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டார்கள். சில ஆண்டுகளிலேயே ஊரில் பெரும்பான்மையோருக்குத் தொற்று. நடந்தது இதுதான்: இந்த நோயின் புழு தன் வாழ்வின் ஒரு பகுதியை நன்னீர் நத்தைக்குள் கழிக்கிறது; நத்தையிலிருந்து வெளியேறி, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. முன்பு கோடைதோறும் ஏறிவந்த உப்புநீர் நத்தைகளைப் பெருகவிடவில்லை. தியாமா உப்பை நிறுத்தியது. கால்வாய்கள் ஆண்டு முழுவதும் அசையாத நன்னீரைத் தந்தன. நத்தைகளைத் தின்னும் ஆற்று இறால் குஞ்சுப்பருவத்துக்குக் கழிமுகத்து உவர்நீரைத் தேடிப் போகும் இனம். அணை அதன் வழியையும் அடைத்துவிட்டது. துணி துவைக்கவும் குளிக்கவும் கால்வாயைத் தவிர வேறு இடமில்லாத பெண்களும் குழந்தைகளும்தான் முதலில் விழுந்தார்கள். பின்னாளில் ஒரு கிராமத்து நீர்த்துறையில் இறால்களைத் திரும்ப விட்டுப் பார்த்தபோது தொற்று குறைந்ததாக 2015இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கரையோரங்களைச் சம்பங்கோரை அடைத்துக்கொண்டது. அதை வெட்டி மாளவில்லை, படகுக்கும் வலைக்கும் இடமில்லை.

நிலத்திலும் அதே காலத்தில் ஒரு தீ மூண்டுகொண்டிருந்தது. அணை வரப்போகிறது என்றதும் ஆற்றோர நிலத்தின் மதிப்பு ஏறியது. 1983இல் மௌரித்தானிய அரசு குலவழி நில உரிமையை ஒழிக்கும் சட்டம் கொண்டுவந்தது; வடகரையின் கறுப்பின விவசாயிகளின் வாலோ நிலங்கள் அரசோடு நெருக்கமான மூர் வணிகர்களின் கைக்குப் போகத் தொடங்கின. 1989 ஏப்ரலில் பாக்கெல் பகுதியில் தியாவரா கிராமத்துக்கு அருகே மேய்ச்சல் தகராறில் செனகலைச் சேர்ந்த இருவர் மௌரித்தானியக் காவலர்களால் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில வாரங்களில் டாக்கரிலும் மௌரித்தானியத் தலைநகர் நுவாக்சோத்திலும் நூற்றுக்கணக்கானோர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மௌரித்தானியா தன் சொந்தக் குடிமக்களான பல்லாயிரம் கறுப்பின மக்களை, பெரும்பாலும் ஃபுலாக்களை, அடையாள அட்டைகளைப் பறித்துக்கொண்டு ஆற்றைக் கடக்க வைத்தது. இரு நாட்டு உறவு 1992இல் தான் சீரானது. அகதிகள் முறையாகத் திரும்ப 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரும்பியவர்களில் பலருடைய நிலத்தில் வேறு யாரோ பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். இனப்பகை என்று ஒற்றைச் சொல்லில் இதை முடித்துவிடுவது எளிது. அணையும் நிலச்சட்டமும் இல்லாமல் இதை விளக்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

கழிமுகத்திலும் மனிதன் கை வைத்தான். லாங் த பார்பரி என்ற மெல்லிய மணல்திட்டு ஆற்றைக் கடலிலிருந்து பிரித்து, முகத்துவாரத்தைச் சேன் லூயிக்கு 30 கி.மீ. தெற்கே தள்ளி வைத்திருந்தது. 2003 அக்டோபரில் வெள்ளம் நகரை மிரட்டியபோது, அவசரமாக அந்தத் திட்டின் குறுக்கே 4 மீட்டர் அகலக் கால்வாய் வெட்டினார்கள். நகரம் தப்பியது. வெட்டிய வாய் சில மாதங்களில் நூற்றுக்கணக்கான மீட்டராகி, பின்னர் கிலோமீட்டர்களாக விரிந்து, புதிய முகத்துவாரமாகவே ஆகிவிட்டது. பழைய முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தது. எதிரே இருந்த தூன் பாபா தியேய் கிராமம் அலைகளுக்கு இரையானது.

இன்று நிலைமை முழு இருட்டு அல்ல. மனந்தாலியிலிருந்து ஆண்டுக்கொரு முறை செயற்கையாக வெள்ளம் திறந்துவிட்டு வாலோ நிலங்களை நனைக்கும் யோசனையை, தொடக்கத்தில் பத்தாண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடாகத்தான் வைத்திருந்தார்கள். வெள்ளச் சமவெளியை ஆராய்ந்த மானிடவியலாளர்களும் விவசாயிகளும் போராடியதால், 2002இல் மூன்று நாடுகளும் ஏற்ற நீர்ச் சாசனத்தில் அந்த வெள்ளத்துக்கு இடம் கிடைத்தது. 2006இல் கினியாவும் அமைப்பில் சேர்ந்தது. ஆனால் மழை குறைந்த ஆண்டில் மின்சாரமா வெள்ளமா என்ற கேள்வி எழுந்தால் வயலைவிட நகரத்தின் குரலே உரக்கக் கேட்கிறது. 2022இல் குயினா அருவியில் 140 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. கினியாவில் சிம்பன்சிகள் வாழும் காட்டுக்கு நடுவே கூக்கூதாம்பா என்ற இன்னொரு பெரிய அணை திட்டத்தில் இருக்கிறது.

மனந்தாலி கட்டுப்படுத்துவது பாஃபிங்கை மட்டுமே. அது மொத்த நீரில் ஏறத்தாழ பாதிதான். பாக்கோயும் ஃபலெமேயும் இன்னும் தம் விருப்பப்படியே வருகின்றன. 2024 அக்டோபரில் பாக்கெல், மாத்தம் பகுதிகளில் ஆறு கரை தாண்டி, பல்லாயிரம் பேரின் வீடுகளையும் வயல்களையும் மூழ்கடித்தது. பல ஆண்டுகளாக வெள்ளமே வராததால் பள்ளங்களில் வீடு கட்டியவர்கள் அவர்களில் உண்டு. ஃபலெமே வேறொரு நோயில் கிடக்கிறது. தங்கம் தேடுவோரின் பாதரசமும் சேறும் கலந்து அந்த ஆறு செம்மண் கரைசலாக ஓடுவதால், அதன் கரையிலிருந்து 500 மீட்டருக்குள் சுரங்க வேலை கூடாது என்று செனகல் 2024இல் தடை விதித்தது. மாலிப் பக்கத்துக் கரைக்கு அந்தத் தடை செல்லாது. அணைகளைக் கூட்டுச் சொத்தாக்கிய நாடுகள் துணையாற்றின் மாசுக்கும் அதே கூட்டுப் பொறுப்பை ஏற்றால் மட்டுமே ஃபலெமேயில் மீன் மறுபடி வரும். அதற்கான அமைப்பும் ஒப்பந்தமும் ஐம்பது ஆண்டுகளாகக் கையில் இருக்கின்றன.